பிசிறு

பசுமைத் தணிக்கைப் படிவம், நான்கு பக்கம்.
வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்
முதல்வர் அறையில் இருக்க வேண்டும்.
பிளாஸ்டிக் உறை தருகிறீர்களா? இல்லை.
காகிதப் பை? ஆம்.
தாளின் இருபுறமும் நகலெடுக்கிறீர்களா?
ஆம், மிஷின் சம்மதிக்கும் நாட்களில்.

பெருந்துறையைத் தாண்டி எங்கள் கல்லூரி.
கேண்டீனுக்குப் பின்சுவராக என் புத்தகக் கடை.
கடை கூட்டுறவுச் சங்கத்துடையது,
தூசி மட்டும் என்னுடையது.

இங்கே ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது,
மூன்றாம் பருவத்துக்கானது.
ஒன்பது கை மாறிவிட்டது.
உள்ளட்டையில் பென்சிலால் ஒன்பது விலைகள்,
கிணற்றுப் படிபோல இறங்குகின்றன.
ஒரு கணக்கின் ஓரத்தில்
'இது வரவே வராது' என்று எவனோ எழுத,
'வந்துருச்சு, பதினாறு மார்க்' என்று
அடுத்த வருடத்துக்காரி பதில் எழுதியிருக்கிறாள்.
இதை எந்தக் கட்டத்தில் நிரப்ப?

ரெக்கார்டு நோட்டுகளில் மிஞ்சும் வெள்ளைத் தாளை
நானும் கூட்டிப் பெருக்கும் மயிலாத்தாளும்
கிழித்து அடுக்கி, சணலில் தைத்து
ஐந்து ரூபாய்க்கு வைத்தோம்.
பொறியியல்காரர்கள் தொடவில்லை.
மயிலாத்தாளின் மகள் பத்து வாங்கிப் போனாள்.

அப்புறம்தான் அந்த டீ-சர்ட்டுகள்.
பூமி தினத்துக்கென்று இருநூற்று நாற்பது.
பச்சை. மார்பில் ஓர் இலை, இலைக்குள் உலகம்.
திருப்பூர்ப் பெட்டியைப் பிரித்தால்
ஒவ்வொன்றும் தனித்தனி பாலித்தீனில்.
படிவம் கேட்டது
நாங்கள் தருகிறோமா என்றுதான்.

எல் சைஸ் அடுக்கின் அடியில்
பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி.
பிடியில் சுற்றிய துணி வியர்வையில் கறுத்திருந்தது.
நகப்பாலிஷில் ஓர் எழுத்து,
தமிழல்ல, உருண்டைத் தலை கொண்டது.
கம்பெனிக்குப் போன் போட்டேன்.
'தூக்கிப் போட்ருங் சார், அதென்ன தங்கமா?
அந்தப் புள்ள கூலில அப்பவே புடிச்சாச்சுங்.'

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.
நொய்யல் பாலத்தில் நெரிசல்.
பக்கத்து இருக்கைக்காரர் துண்டை மூக்கில் வைத்தார்.
கீழே ஓடியதில்
எங்கள் இலைக்குப் பங்கு உண்டா,
நிறம் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவசர ஆர்டராம், ஞாயிறும் ஓடிக்கொண்டிருந்தது.
காவலாளி சென்னியப்பன் பதிவேட்டை நீட்டினார்.
வந்த காரணம் என்ற இடத்தில்
'கத்தரி' என்று எழுதினேன்.

பசந்தி வந்தாள்.
என்னிடம் டிராஃப்டர் கடன் சொல்லும்
இரண்டாம் வருடப் பிள்ளைகளின் வயது.
கத்தரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
சட்டென்று என் சட்டைக் கையில் தொங்கிய
நூலொன்றைப் பிடித்து
நறுக்.
கூர் இருக்கிறது.
'அறுபது ரூபா திருப்பித் தருவாங்களா அண்ணா?'
நான் சென்னியப்பனைப் பார்த்தேன்.
அவர் கேட்டைப் பார்த்தார்.
பாக்கெட்டுக்குள் போன என் கையைப் பார்த்து
அவள் சொன்னாள்:
'நீங்க இல்ல. அவங்க.'

திங்களன்று அடுத்த ஆர்டர் கடிதம்.
இருநூறு உருப்படி, தனி உறை வேண்டாம்.
கீழே, சங்கத் தலைவர் அடித்துவிடுவாரோ என்று
கொஞ்சம் நெருக்கி எழுதினேன்:
'பசந்தி, பிசிறு வெட்டும் பிரிவு, ரூ. 60.
அவர் கையொப்பமிட்ட ரசீது வந்த பிறகே
பில் பாஸாகும்.'
தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.
படித்துவிட்டுத்தான் போட்டாரோ, கேட்கவில்லை.

'சமூகப் பொறுப்பு: விவரம் இணைக்கவும்.'
அந்தக் கட்டம் மட்டும் காலி.
ரசீது இன்னும் வரவில்லை.

தணிக்கைக்கு வந்தவர்கள் கடையைச் சுற்றிப் பார்த்து
காகிதப் பையைத் தடவி மெச்சினார்கள்.
ஒருவர் தன் மகனுக்கென்று டீ-சர்ட் கேட்டார்.
தோளில் ஒரு நூல் நீண்டிருந்தது.
'இதை வெட்டித் தர மாட்டீங்களா?' என்றார்.
என் தலைக்கு மேல்
விற்பனைக்கு ஒரு டஜன் கத்தரி தொங்குகிறது.
அப்படியே மடித்துக் கொடுத்தேன்.